பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

வேலியோரங்களில் படரும் பூனைக்காலிக் கொடியை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் காய்மீதுள்ள சுணை பட்டால் தாங்கமுடியாத அரிப்பெடுக்கும். ஆனால் அக்காயினுள் இருக்கும் விதையில் எல்-டோபா என்னும் அரிய பொருள் உள்ளது. 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் அதனை இவ்விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று தெரியாது.

அந்த நோய்தான் நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய். இதில் கை நடுங்கும், தசைகள் விறைக்கும், நடை தளரும். இதற்குக் காரணம் என்ன?

நம் நடுமூளையிலுள்ள சில செல்கள் டோப்பமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. உடலசைவுகளைச் சீராக்கும் செய்தியை நரம்புச் செல்களிடையே எடுத்துச் செல்வது இதுவே. அச்செல்கள் சிறிது சிறிதாக அழிவதால் டோப்பமின் குறைந்து நோய் தோன்றுகிறது. 1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் ஆகியோர், இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து இக்குறைவைக் கண்டறிந்தனர்.

அப்படியானால் டோப்பமினையே ஊசிமூலம் செலுத்தலாமே? பயனில்லை. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பை அதனால் கடக்க முடியாது. எல்-டோபாவோ ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றிச்செல்லும் புரதங்கள் இதையும் ஏற்றிச்செல்கின்றன. உள்ளே சென்றதும் ஒரு நொதி இதை டோப்பமினாக மாற்றிவிடுகிறது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர், டோபாவை வாய்வழியே அளவு கூட்டிக் கொடுத்து நோயாளிகளின் துன்பம் குறைவதைக் காட்டினார். தொழிற்சாலையில் தயாரிக்கப்படும் எல்-டோபாவே இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து.

அப்படியெனில் இது நரம்புச் செல்களைக் காக்கிறதா? இல்லை. எங்கள் பள்ளிகொண்டா போன்ற பாலாற்றங்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஊற்று வற்றிய கிணற்றில் லாரித் தண்ணீரை ஊற்றலாம். அதனால் ஊற்று மீண்டும் சுரக்காது. எல்-டோபா குறையை நிரப்புகிறதே தவிர, செல்களின் அழிவை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத்தில் நரம்புச் செல்களைக் காப்பதாகத் தெரிகிறது. ஆனால் உண்ணும்போது மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. சோதனைக்குழாயில் வென்றது உடலிலும் வெல்லும் என்று சொல்லிவிட முடியாது.

பூனைக்காலி விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு மாறுபடும். மிகுந்தால் வாந்தியும், கட்டுக்கடங்காத அசைவுகளும் ஏற்படலாம். ஆகவே, மாத்திரையை நிறுத்திவிட்டு விதைப்பொடி உண்ணுமாறு உங்கள் தாத்தாவிடம் யாரேனும் கூறினால், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.