உங்களுக்குத் தெரியுமா? - உப்புக்காற்றில் ஒரு டிவி

● தரங்கம்பாடியில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ டிவி மாட்ட நினைப்பவர்கள் மழைக்குத்தான் பயப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய எமன் உப்புக்காற்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்து இரவுகளில் பெரும்பாலும் அதுதான் நிலை. டிவியின் முதுகிலுள்ள காற்றுத் துளைகள் வழியே புகுந்த உப்பு, சர்க்யூட் போர்டின் மேல் உப்புநீர்ப் படலமாகிறது. மின்சாரம் பாயப் பாயச் செம்புத்தடம் பச்சை பூத்து அரித்துப்போகிறது. மழையில் ஒரு சொட்டுகூட நனையாத டிவியும் இப்படித்தான் திடீரென்று நின்றுபோகிறது. எச்டிஎம்ஐ கேபிள் சொருகும் இடத்தில் பச்சைப் படிவு தெரிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை.

● வெளிப்புற டிவிகளில் 'ஐபி55' என்று போட்டிருப்பார்கள். முதல் 5 தூசிக்கு, இரண்டாவது 5 பீய்ச்சும் தண்ணீருக்கு. உப்புக்கு அதில் எண்ணே கிடையாது! சர்க்யூட் போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கடையில் தனியாகக் கேட்க வேண்டும்.

● சுவரில் மாட்டும் திருகுகள் எவர்சில்வர் என்றால் போதாது. சாதாரண 304 ரகம் கடலோரத்தில் துருப்புள்ளி காணும். மாலிப்டினம் கலந்த 316 தாக்குப்பிடிக்கும். உப்புக்காற்று உலோகத்தை என்ன பாடுபடுத்துகிறது என்று அளப்பதற்காகவே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் ஒரு சோதனை மையம் வைத்திருக்கிறது.

● திரையை வடக்குப் பார்த்து மாட்டுங்கள். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் உச்சியைக் கடக்கிறது. கிழக்கே பார்த்தால் காலை வெயில், கடற்காற்று இரண்டும் நேரே முகத்தில் அடிக்கும். தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் ஆழமான தாழ்வாரம்தான் இதற்கு நல்ல இடம்.

● வெளியே உட்கார்ந்து டிவி பார்ப்பது நமக்குப் புதிதல்ல. வீட்டுக்கு வீடு பெட்டி வராத காலத்தில், ஊராட்சி டிவி முன்னால் தெருவே மண்ணில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வீடு பெட்டி தந்த தமிழக அரசின் இலவச கலர் டிவித் திட்டம் தொடங்கியது 2006 செப்டம்பர் 15-இல்தான்.

● 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. காவிரி டெல்டாவின் கடலோர வீடுகளில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, தெற்கே திருப்பி அதைப் பிடித்தார்கள். சில நாள் படம் கண்ணாடி மாதிரி வரும். சில நாள் வெறும் புள்ளிகள். ஆன்டெனாவை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. காரணம் வானிலை: கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே சூடான உலர்காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலைகள் அதற்குள் வளைந்து அடிவானத்தைத் தாண்டி வந்துவிடும். அடுக்கு கலைந்தால் படமும் போச்சு.

● மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். வெளிப்புற பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போடாமல் மட்டும் டிவியை மாட்டாதீர்கள். ஈரச் சுவரில் கசியும் மின்சாரத்தைக் கண நேரத்தில் துண்டிப்பது அதுதான்.