பல மேளங்களுக்கு ஒரு தவில்

கோயில் வீதியிலே சுவாமி எழுந்தருளும்போது முன்னே செல்லும் மேளத்தைக் கேட்டு மகிழாதார் இலர். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதி என அமைந்த அக்குழுவைக் காண்போர், அவர்கள் யாவரும் ஒரு வீட்டார் போலும், ஆண்டு முழுவதும் ஒருங்கே வாசிப்பவர் போலும் என எண்ணுதல் இயல்பு. ஆனால் உண்மை பல வேளைகளில் அவ்வாறன்று. அங்கே தவில் வாசிப்பவர் நேற்று வேறொரு கோஷ்டியில் நின்றவராயிருக்கலாம். நாளை மூன்றாவதொரு கோஷ்டியில் நிற்பவராயிருக்கலாம். ஒரு தவில் பல மேளங்களுக்குப் பணிபுரியும் இவ்வாழ்க்கை எத்தகையது, அதற்கு வேண்டிய திறன்கள் யாவை என்பது அறியத்தக்கது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் ஊர்களைக் கடந்து செல்வர். மேலும் வடக்கே மல்லாகத்தை அடுத்து அளவெட்டி உள்ளது. இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வர, தவில் வித்துவான்களால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. இத்தகைய ஊர்களிலே பல கோஷ்டிகள் அருகருகே வாழ்கின்றன. கோஷ்டி பெரும்பாலும் நாதஸ்வரக்காரரின் பெயராலேயே அறியப்படும். கலியாண வீட்டாரும் கோயில் உபயகாரரும் அவரிடமே சென்று வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுப்பர். தவில்காரரைத் தேடி அழைப்பது நாதஸ்வரக்காரர் பொறுப்பு. ஆகவே எந்த ஒரு கோஷ்டியையும் நிரந்தரமாகச் சாராத தவில்காரருக்கு அழைப்புப் பல வாயில்களிலிருந்து வரும். அவற்றை ஒன்றோடொன்று மோதாமல் ஒழுங்குபடுத்துவதே அவருடைய முதலாவது வேலை.

இவ்வொழுங்குக்குப் பஞ்சாங்கமே ஆதாரம். ஆனி மாதத்திலே நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா வருகின்றது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்துடன் நிறைவுறும். அதன்பின் ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறி இருபத்தைந்து நாட்கள் விழா நடைபெறும். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலே ஆவணிப் பூரணையை ஒட்டித் திருவிழா நிகழும். இவையன்றி ஊர்தோறும் உள்ள பிள்ளையார், அம்மன், வைரவர் கோயில்கள் எத்தனையோ! பல கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வோர் உபயகாரருக்கு உரியது. தத்தம் திருவிழாவே சிறக்கவேண்டும் என்று அவர்கள் மேளம் அமர்த்துவதில் போட்டியிடுவதும் உண்டு. ஆவணியில் இத்திருவிழாக்களுடன் கலியாண முகூர்த்தங்களும் சேர்ந்து வரும். மார்கழியிலோ கலியாணம் இல்லை. ஒரு பருவத்தில் ஒரே நாளுக்கு மூன்று அழைப்பு. மற்றொரு பருவத்தில் வாரக்கணக்காக ஒன்றுமில்லை. ஆவணியில் ஈட்டியதைக் கொண்டு மார்கழியைக் கடக்க அறிந்தவனே இத்தொழிலில் நிலைக்கிறான்.

நாளைப் போலவே தூரமும் கணக்கிடப்பட வேண்டியது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ இருபது மைல். இரவுத் திருவிழா முடிந்து, விடியற்காலை முகூர்த்தத்துக்கு அத்தூரத்தைக் கடப்பது வருத்தமாயினும் இயலும். ஆனால் நயினாதீவில் இரவு வாசித்தவர் குறிகட்டுவான் துறைக்குப் படகிலே வந்த பின்னரே தரைவழியைத் தொடங்கலாம். காற்றும் கடலும் மனிதன் கொடுத்த வாக்கை அறியா. எனவே அனுபவமுள்ள தவில்காரர் தீவிலே இரவு வாசிப்பை ஏற்றாராயின் மறுநாட் காலை அழைப்பை ஏற்பதில்லை. கைத்தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் வந்துள்ள இக்காலத்தில் செய்தி விரைவாகச் செல்கின்றது. ஆனால் ஓர் உடம்பு ஈரிடத்தில் நிற்கும் வித்தையை எவரும் கண்டுபிடித்திலர்.

இனி, வாசிப்பைக் கவனிப்போம். நாதஸ்வரக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாணி உண்டு. ஒருவர் இராக ஆலாபனையை நிதானமாக விரிப்பார். மற்றொருவர் விரைவுச் சங்கதிகளில் விருப்பமுள்ளவர். ஒருவர் கீர்த்தனையை விளம்ப காலத்தில் எடுப்பார். அதே கீர்த்தனையை மற்றவர் மத்திம காலத்தில் எடுப்பார். சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டையில் வாசிக்கும் மல்லாரியும் கோஷ்டிக்குக் கோஷ்டி வேறுபடலாம். பல கோஷ்டிகளில் வாசிக்கும் தவில்காரர் இவ்வேறுபாடுகள் யாவற்றையும் மனத்திலே வைத்திருத்தல் வேண்டும். ஏடு பார்த்து வாசிக்கும் வழக்கம் இங்கில்லை. அவருடைய ஏடு அவருடைய ஞாபகமே.

இதன் அருமையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கை ஒன்றுக்கு நான்கு மாத்திரையாகக் கொண்டால் மொத்தம் முப்பத்திரண்டு மாத்திரை. 'ததிகிணதொம்' என்னும் சொல் ஐந்து மாத்திரை கொண்டது. அதனை மும்முறை வாசித்தால் பதினைந்து. பாடல் தாளத்தின் தொடக்கமாகிய சமத்திலே எடுக்கப்படுவதாயின், பதினேழு மாத்திரை கழிந்தபின் இத்தீர்மானத்தைத் தொடங்கவேண்டும். அப்பொழுதுதான் மூன்றாம் முறை முடிந்ததும் பாடல் சரியாக வந்து சேரும். அப்பாடல் சமத்திலிருந்து அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கப்படுவதாயின், பத்தொன்பது மாத்திரை கழிந்தே தொடங்கவேண்டும். இரண்டு மாத்திரை என்பது கண்ணிமைப்பொழுது. அதைத் தவறவிட்டால் நாதஸ்வரக்காரர் பாடலை எடுக்கும் இடத்தில் தவில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். கேட்போர் முகம் சுளிப்பர். எந்த நாதஸ்வரக்காரர் எந்தப் பாடலை எவ்விடத்தில் எடுப்பார் என்பதை மூன்று நான்கு கோஷ்டிகளுக்கும் நினைவிற் கொள்ளுதல் சாமானியமான காரியமா?

அன்றியும், தவில் தனியே நிற்பதன்று. பக்கத்திலே மற்றொரு தவில் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் விடை கூறுவார். முடிவிலே இருவரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்து நிறைவு செய்வர். நாள்தோறும் உடனிருப்போர் மாறும்போது, ஒத்திகை பார்க்க நேரமேது? ஒரு பார்வை, தலையின் ஓர் அசைவு, மெல்லச் சொன்ன ஒரு சொற்கட்டு, இவையே ஒத்திகை. உடன் வாசிப்பவர் இளையவராயின் அவர் பின்தொடரக்கூடிய கணக்கையே எடுப்பது மூத்தவரின் பெருந்தன்மை. ஆற்றலைக் காட்டுவதற்காக அவரைத் திணறடிப்பவரை மறுமுறை அழைக்க நாதஸ்வரக்காரர் தயங்குவார்.

உடம்பு படும் பாடும் சிறிதன்று. தவில் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. புறப்பாட்டின்போது அதனைத் தோளிலே தொங்கவிட்டு நின்றும் நடந்தும் வாசிக்கவேண்டும். ஒரு பக்கத்தைக் கழியாலும், மறுபக்கத்தை விரல்களாலும் ஒலிப்பர். விரல்களுக்குத் துணியும் பசையும் கொண்டு செய்து காயவைத்த கூடுகள் அணிவர். மழை ஈரத்தில் தோல் தளரும், வெயிலில் இறுகும். முன்னர் தோல்வாரால் இறுக்கிய தவில்களை இக்காலத்தில் உலோகத் திருகாணிகளால் இறுக்குவர். வேலை எளிதாயிற்று, பாரம் குறைந்திலது. நாள்தோறும் அப்பேரொலியின் நடுவே நிற்பதால் செவிப்புலனுக்கும் ஆபத்துண்டு. ஒரு கோஷ்டியில் மட்டும் வாசிப்பவருக்கு அக்கோஷ்டியின் ஓய்வு நாள் தமக்கும் ஓய்வு நாளாகும். பல கோஷ்டிக்காரருக்கோ ஒன்றின் ஓய்வு மற்றொன்றின் வேலைநாள்.

இத்தனைக்கும் மேலான சோதனை ஒன்றுண்டு. அது வாக்கைப் பற்றியது. சிறிய வைரவர் கோயில் ஒன்றுக்கு வருவதாக ஒரு தவில்காரர் இரண்டு மாதத்துக்கு முன்னரே ஒப்புக்கொண்டார் என்க. அதே நாளுக்குப் பெரியதொரு மேளச் சமாவுக்கு இருமடங்கு ஊதியத்துடன் அழைப்பு வருகின்றது. வீட்டிலே பிள்ளைகளின் படிப்புச் செலவு காத்திருக்கின்றது. என் செய்வது? இரண்டாவது அழைப்பை ஏற்றால் அன்றைக்குப் பணம் கிடைக்கும்; ஆனால் முதலில் அழைத்த நாதஸ்வரக்காரர் அவ்வூர் மக்கள் முன் தலைகுனிய நேரும். அச்செய்தி மறுநாளே மற்றக் கோஷ்டிகளுக்கும் எட்டிவிடும். தவிர்க்கமுடியாத நோய் முதலியன நேர்ந்தால், தமக்கு நிகரான ஒருவரைத் தாமே தேடி ஒப்புவித்தலும், அதனை முன்கூட்டியே அறிவித்தலும் நேர்மையுள்ளோர் கடைப்பிடிக்கும் முறை. பல மேளங்களில் வாசிப்பவருக்கு எழுத்து மூலமான உறுதி பெரும்பாலும் இல்லை. எனவே அவருடைய சொல்லே அவருடைய சொத்து.

இத்தகைய வாழ்விலும் உச்சப் புகழ் எய்தலாம் என்பதற்கு யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி சான்றாவர். 1933 ஆம் ஆண்டு பிறந்து 1975 ஆம் ஆண்டு மறைந்த அவர், இணுவில் தந்த தவில் மேதை. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துடன் வாசித்ததோடு, கடல் கடந்து தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வரக்காரர் பலருக்கும் வாசித்துப் பெயர் பெற்றார். எவருடன் வாசித்தாலும் அவருடைய பாணிக்கு இசைந்து நிற்கவும், அங்கே தம் தனித்தன்மையை விளங்கவைக்கவும் வல்லவர்களையே இத்துறை பெரிதும் போற்றுகின்றது.

பின்னர் வந்த போர் இக்கலைக்குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது மேளகாரரும் உடன் சென்றனர். கொழும்புக்கும் பிறநாடுகளுக்கும் போனவர் பலர். ஒன்றாக வளர்ந்த கைகள் பிரிந்தன. மீண்டவர்கள் புதியவர்களுடன் சேர்ந்து வாசிக்கப் பழகவேண்டியிருந்தது. அந்நிலையில், எவருடனும் ஒத்து வாசிக்கும் ஆற்றல் கலையைக் காக்கும் துணையுமாயிற்று.

கேட்போராகிய மக்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ மேளம் அமர்த்துவோர் நாளையும் நேரத்தையும் காலத்தோடு உறுதிசெய்தல் வேண்டும்; குறித்த வேளையில் தொடங்கிக் குறித்த வேளையில் முடித்தல் வேண்டும். முகூர்த்தம் முடிந்தபின்னும் 'இன்னும் ஒரு பாட்டு' என்று மறிப்போர், வேறோர் ஊரிலே அத்தவிலுக்காகக் காத்திருக்கும் பந்தலையும் நினைத்தல் நன்று. பேசிய ஊதியத்தைத் தாமதியாது கொடுத்து, நேரத்துக்கு உணவும் அளித்து அனுப்பினால், அடுத்த ஊரில் ஒலிக்கும் கெட்டிமேளத்திலும் அவர்களுக்கு ஒரு பங்குண்டு.