வர இயலாதவரும் வராதவரும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையில் சென்னை வாசகர்களுக்கு ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் கிடைக்கவில்லை. 1878இல் தொடங்கப்பெற்ற அவ்விதழ் சென்னையில் அச்சேறாமற் போனது அதுவே முதன்முறை என்று அப்போது செய்தி வெளியாயிற்று. மறைமலைநகரிலிருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வந்துசேர இயலாமையே காரணம். அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரைபுரண்டது, விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக்கிடந்தது.

அத்தகைய நாளிலும் நம் வருகைப் பதிவேடுகள் இரண்டே செய்திகளைத்தான் அறியும்: வந்தார், அல்லது வரவில்லை. வர இயலாமற் போனவருக்கென்று அதில் ஒரு குறி இல்லை. அவ்வேறுபாட்டை உணர வேண்டியவர் பதிவேட்டைப் பார்வையிடும் பொறுப்பாளரே. அவர் தவறினால் என்ன நேரும் என்பதற்கு வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை, தவறியவன் நானே.

சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் விடுதியொன்று என் பொறுப்பில் இருந்தது. சமையலுக்கு இரு பெண்மணிகள். கார்த்திகை மாதத்து அடைமழையில் ஒருவர் நனைந்தபடி வந்து அடுப்பை மூட்டினார். மற்றவர் இரண்டு நாளாகத் தலைகாட்டவில்லை. வந்தவரை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினேன். வராதவருக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்தேன். அந்த அம்மையாரும் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டு, குறைந்த பணத்தைப் பெற்றுக்கொண்டார். பின்னரே மாணவர்கள் வாயிலாக அறிந்தேன்: முன்னவரின் வீடு அடுத்த தெருவில், மேட்டில் இருந்தது. பின்னவரோ ஏரிக்கரைக் குடிசையைத் தண்ணீருக்குப் பறிகொடுத்து, நடக்கவியலாத மாமியாருடன் நிவாரண முகாமில் தங்கியிருந்தார். அடுத்த மாதம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, “விடுங்க சாமி, புள்ளைங்க பட்டினி கெடக்கலையே, அது போதும்” என்றார். பணத்தைத் திருப்ப முடிந்தது; அன்று பலர் முன்னிலையில் அவரைக் குறைத்துப் பேசியதை எவ்வாறு திருப்புவது?

இதில் சட்டம் சிறிதளவே துணைசெய்கிறது. வராத நேரத்துக்குரிய ஊதியத்துக்கு மேல் பிடிக்கலாகாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வரையறுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அவ்விதியை ஏற்றது. பலர் கூடிப்பேசி முன்னறிவிப்பின்றி வராதிருப்பது மட்டுமே விலக்கு. ஆகவே, ஒரு மணி நேரம் பிந்தியவருக்கு அரைநாள் கூலியை வெட்டும் வழக்கம் முறையானதன்று. ஆனால் முழுநாள் வராதவரின் முழுநாள் ஊதியத்தைப் பிடிக்கச் சட்டம் தடைசெய்யவில்லை. அங்கேதான் நம் மனச்சான்றுக்கு வேலை.

2023இல் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு டிசம்பர் 4ஆம் நாளை அரசு பொது விடுமுறையாக அறிவித்தது. தனியார் நிறுவனங்கள் இயன்றவரை ஊழியரை வீட்டிலிருந்தே பணிசெய்ய விடுமாறும் கேட்டுக்கொண்டது. நல்ல ஏற்பாடுதான்; ஆயினும் கணினிமுன் அமர்வோருக்கே அது பொருந்தும். காவலாளியும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் வீட்டிலிருந்தபடி என்ன செய்வர்? பெரும்பாலும் பள்ளமான பகுதியில் குடியிருப்போரும் அவர்களே. வந்தே தீரவேண்டிய பணியாயின், மழைக்கு முதல்நாளே அவர்களைப் பணியிடத்தில் தங்கவைத்து, உணவும் பாயும் போர்வையும் தருவது பொறுப்பாளரின் கடமை. இடுப்பளவு நீரில் நடந்துவருவதை வீரமென்று புகழ்ந்தால், அடுத்தமுறை வேறொருவரும் அதே நீரில் இறங்குவார். திறந்துகிடக்கும் சாக்கடைக் குழியும் அறுந்துவிழுந்த மின்கம்பியும் அந்நீருக்குள் தெரிவதில்லை.

எங்கள் விடுதியில் இப்போது செப்டம்பர் மாத இறுதியிலேயே பணியாளரோடு அமர்ந்து பேசிவிடுகிறோம். யார் வீடு பள்ளத்தில், யாருக்கு வீட்டில் நோயாளி, யார் இரவு தங்க இயலும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மூன்று நாள்வரை சம்பளப் பிடித்தம் இல்லை. இது காப்பாளருக்கும் துப்புரவு செய்பவருக்கும் ஒன்றே. மின்சாரமின்றிக் கைப்பேசி அணைந்துபோகுமாதலால், தகவல் வராமையைக் குற்றமாகக் கொள்வதில்லை. பதிவேட்டிலும் ‘வழியில்லை’ என்றொரு குறியைச் சேர்த்தோம். கணக்கர் முதலில் முகஞ்சுளித்தார். தணிக்கைக்கு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.