நிரல் நடைவிதிகள்

நிரல் நடைவிதிகள் என்பன ஒரு மென்பொருளின் மூலநிரலை எவ்வாறு அடுக்க வேண்டும், எவ்வாறு பெயரிட வேண்டும், எங்கே குறிப்புரை எழுத வேண்டும் என்பன பற்றி அதன் பங்களிப்பாளர்கள் ஏற்றுக்கொள்ளும் விதிகளாகும். இவ்விதிகளை மீறிய நிரலும் பெரும்பாலும் பிழையின்றி இயங்கும். கணினிக்குத் தேவையற்ற இவ்விதிகள், நிரலைப் படிக்கும் மனிதருக்காகவே வகுக்கப்படுகின்றன. முன்பின் அறியாத பலர் சேர்ந்து எழுதும் திறந்த மூலநிரல் திட்டங்களில் இவை இன்றியமையாதனவாகக் கருதப்படுகின்றன.

தேவை

ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் நிரலாளர்கள் ஐயம் எழும்போது ஒருவரையொருவர் நேரில் கேட்டுத் தெளியலாம். திறந்த மூலநிரல் திட்டத்தில் அவ்வாய்ப்பு இல்லை. நிரலை எழுதியவர் ஒரு நாட்டிலும் அதைத் திருத்துபவர் வேறொரு நாட்டிலும் இருப்பர். எழுதியவர் திட்டத்தை விட்டு விலகிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவரது நிரல் படிக்கப்படும்.

பங்களிப்பாளர் அனுப்பும் மாற்றத்தைத் திட்டத்தின் பராமரிப்பாளர் மீளாய்வு செய்த பின்னரே ஏற்றுக்கொள்வார். எல்லாக் கோப்புகளும் ஒரே நடையில் இருப்பின், அவரது கவனம் மாற்றத்தின் உட்பொருளில் செல்லும். ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு விதமாக இருப்பின், வடிவத்தைப் புரிந்துகொள்வதிலேயே அவரது நேரம் செலவாகும். வழுக்கள் கண்ணில் படாமல் போகும்.

புகழ்பெற்ற வழிகாட்டிகள்

குனூ திட்டத்தின் நிரலாக்கத் தரங்கள் இவ்வகையில் பழமையான ஆவணங்களுள் ஒன்றாகும். சி மொழி நிரல்களில் ஒவ்வொரு உள்தள்ளலுக்கும் 2 இடைவெளிகள் விடுவது குனூ நடையாகும். லினக்சு கருனியின் நடைவிதிகள் இதற்கு நேர்மாறானவை. அங்கு உள்தள்ளலுக்கு 8 எழுத்து அகலமுள்ள டேப் பயன்படுத்தப்படுகின்றது. மூன்று நிலைகளுக்கு மேல் உள்தள்ளல் தேவைப்பட்டால் அந்நிரலையே திருத்தி எழுத வேண்டும் என்று அவ்வாவணம் கூறுகின்றது. குனூ தரங்களை அச்சிட்டு, படிக்காமலே எரித்துவிடுமாறு வேடிக்கையாகப் பரிந்துரைத்தே அது தொடங்குகின்றது.

பைத்தான் மொழிக்கான பெப் 8 என்னும் வழிகாட்டி 2001ஆம் ஆண்டு சூலை மாதம் எழுதப்பட்டது. அம்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் இதன் ஆசிரியர்களுள் ஒருவர். இது 4 இடைவெளி உள்தள்ளலையும், வரிக்கு 79 எழுத்துகள் என்ற வரம்பையும் பரிந்துரைக்கின்றது. 2, 4, 8 என்ற மூன்றும் வெவ்வேறு பெருந்திட்டங்களில் நன்றாகவே பயன்பட்டு வருகின்றன. எனவே எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, ஒரு திட்டத்துக்குள் எல்லோரும் ஒன்றையே பின்பற்றுவது முதன்மையானது எனலாம்.

பொதுவான விதிகள்

பெரும்பாலான வழிகாட்டிகளில் பின்வரும் பொருள்கள் இடம்பெறுகின்றன.

உள்தள்ளல்: நிரலின் எந்த வரி எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது இதன் நோக்கம். எடுத்துக்காட்டாக, முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் எழுதப்பட்ட பின்வரும் நிரலைக் காண்க.

@( வயது >= 18 ) ஆனால்
பதிப்பி "வாக்களிக்கலாம்"
இல்லை
பதிப்பி "காத்திருக்க வேண்டும்"
முடி

இதையே உள்தள்ளி எழுதினால் பின்வருமாறு அமையும்.

@( வயது >= 18 ) ஆனால்
    பதிப்பி "வாக்களிக்கலாம்"
இல்லை
    பதிப்பி "காத்திருக்க வேண்டும்"
முடி

எழில் மொழியில் பகுதியின் முடிவை 'முடி' என்ற சொல் உணர்த்துவதால் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஐந்து வரிகளில் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், ஐந்நூறு வரிகளில் முதல் வடிவத்தைப் படிப்பது கடினம். பைத்தான் மொழியிலோ உள்தள்ளலே இலக்கணத்தின் பகுதியாகும். அது மாறினால் நிரலின் பொருளும் மாறும்.

வரி நீளம்: 80 என்ற எண்ணின் மூலம் ஐபிஎம் நிறுவனம் 1928இல் அறிமுகப்படுத்திய 80 பத்தித் துளையட்டையாகும். பின்னர் வந்த கணினி முனையங்களும் அதே அகலத்தைக் கொண்டிருந்தன. லினக்சு கருனியில் 80 இன்றும் விரும்பத்தக்க அளவாகும். எனினும் அதன் சோதனைக் கருவி எச்சரிக்கும் எல்லை 2020இல் 100 ஆக உயர்த்தப்பட்டது.

பெயரிடல்: மாறிகளும் செயற்கூறுகளும் தம் பணியை உணர்த்தும் பெயர்களைக் கொண்டிருக்க வேண்டும்.

குறிப்புரை: நிரல் என்ன செய்கின்றது என்பதை நிரலே காட்டும். ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் குறிப்புரை சொல்ல வேண்டும்.

மாற்றங்களைப் பிரித்தல்: நடையைச் சீர்செய்யும் மாற்றத்தையும் செயற்பாட்டை மாற்றும் திருத்தத்தையும் ஒரே பதிவில் கலக்கக்கூடாது. ஆயிரம் வரிகளின் இடைவெளி மாறிய பதிவொன்றில், உண்மையில் மாறிய ஒரே ஒரு வரியை மீளாய்வாளரால் கண்டுபிடிக்க இயலாது.

கண்ணுக்குத் தெரிவதும் கணினி செய்வதும்

நடைவிதிகள் வெறும் அழகுக்கானவை அல்ல என்பதற்குப் பெரிதும் எடுத்தாளப்படும் நிகழ்வு 2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிப்பட்ட 'கோட்டூ ஃபெயில்' வழுவாகும். ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளில் பயன்படுத்திய பாதுகாப்பு இணைப்பு நிரலில், ஒரு நிபந்தனையின் கீழ் வர வேண்டிய வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்ததால், இரண்டுமே நிபந்தனைக்கு உட்பட்டவை போலத் தோன்றின. ஆனால் அடைப்புக்குறி இல்லாத இடத்தில் சி மொழி முதல் வரியை மட்டுமே நிபந்தனைக்கு உட்படுத்தும். இரண்டாவது வரி எப்போதும் இயங்கி, சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் படிநிலையைத் தாண்டிச் சென்றது. இதனால் போலியான சேவையகம் ஒன்று தன்னை உண்மையானது எனக் காட்டிக்கொள்ள வழி ஏற்பட்டது.

நிபந்தனைக்கு உட்பட்டது ஒரே வரியாக இருப்பினும் அடைப்புக்குறி இட வேண்டும் என்ற விதி பல திட்டங்களில் உண்டு. அவ்விதி பின்பற்றப்பட்டிருந்தால், மிகையான வரி பெரும்பாலும் தீங்கற்றதாகவோ எளிதில் புலப்படுவதாகவோ இருந்திருக்கும். 2016இல் வெளியான குனூ நிரல்மொழிமாற்றியின் 6ஆம் பதிப்பில், உள்தள்ளல் தவறான பொருளைக் காட்டும் இடங்களை எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

தமிழ் எழுத்துகள் தொடர்பான விதிகள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளையே மனத்திற்கொண்டவை. தமிழ் உரையைக் கையாளும் திட்டங்கள் மேலும் சில விதிகளை வகுத்துக்கொள்வது நன்று.

முதலாவது, எழுத்தை எண்ணும் முறை. 'நிரல்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நி, ர, ல் என 3 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 5 குறியீடுகளாகும். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 15 பைட்டுகளாகும். எனவே வரி நீளம், புலத்தின் அளவு போன்றவற்றைக் குறிப்பிடும்போது எந்த அளவையில் எண்ணுகிறோம் என்பதை விதி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒரே தோற்றத்துக்குப் பல குறியீடுகள். 'கொ' என்பதை ககரத்துடன் ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் 3 மாறிப் பெயர்களை இயல்பாக்கி ஒன்றாகக் கொள்ளும். மேற்கோள் குறிக்குள் உள்ள உரைக்கு அது அவ்வாறு செய்வதில்லை. ஆகவே உரையை ஒப்பிடும் முன் இயல்பாக்க வேண்டும் என்ற விதி தேவைப்படுகின்றது.

மூன்றாவது, இயல்பாக்கத்தால் தீராத மயக்கங்கள். 'ஔவை' என்பதை ஔகாரத்தால் எழுதுவோரும் உளர்; ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவை' என்று எழுதுவோரும் உளர். கணினிக்கு இவை முற்றிலும் வெவ்வேறு சொற்கள். தமிழ் எண்களான ௧, ௭, ௮ ஆகியன முறையே க, எ, அ ஆகிய எழுத்துகளை ஒத்துள்ளன. மாறிப் பெயர்களில் தமிழ் எண்களைத் தவிர்ப்பது இம்மயக்கத்தைக் குறைக்கும்.

நான்காவது, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பெயராக இடுதல். பள்ளி, பல்லி ஆகிய இரண்டும் ரோமன் எழுத்தில் பொதுவாக ஒரே வடிவம் பெறுகின்றன. ழகரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றனர். இத்தகைய பெயர்களை ஏற்கும் திட்டம், எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை ஒன்றையும் வெளியிட வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது

பைத்தான் 3 மாறிப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுத இடமளிக்கின்றது. எனினும் அதன் செந்தர நூலகத்தில் உள்ள பெயர்கள் ஆஸ்கி எழுத்துகளாகவே இருக்க வேண்டும் என்று பெப் 8 விதிக்கின்றது. தம் மொழி அறியாதவர் அந்நிரலை ஒருபோதும் படிக்கமாட்டார் என்பதில் 120 விழுக்காடு உறுதி இருந்தாலன்றி, குறிப்புரைகளை ஆங்கிலத்தில் எழுதுமாறும் அது கேட்டுக்கொள்கின்றது.

பல நாட்டினர் பங்குபெறும் திட்டத்தில் இவ்வேற்பாடு நடைமுறைக்கு உகந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நிரலாக்கத் திறன் இருந்தும் ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் மாணவருக்கு, உள்தள்ளலைவிடக் குறிப்புரையே பெருந்தடையாக அமைகின்றது. தமிழ்ச் சொல்திருத்தி, தமிழ் விசைப்பலகை போன்ற மென்பொருள்களில் சந்தி விதி, புணர்ச்சி போன்றவற்றை விளக்கும் குறிப்புரை தமிழில் இருப்பதே துல்லியமானது. பெயர்கள் ஆங்கிலத்திலும் இலக்கண விளக்கங்கள் தமிழிலும் இருக்கலாம் என இரண்டையும் பிரித்து விதிப்பது ஒரு தீர்வாகும்.

விதியும் தகுதியும்: உத்திரமேரூர்

பொதுப்பணிக்கான விதிகளை எல்லோரும் காணுமாறு எழுதி வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலை முறையில் ஊரின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை இவை கூறுகின்றன. நடைவிதிகளை வகுப்போர்க்கு இவற்றில் மூன்று செய்திகள் உள்ளன.

விதிகள் ஒருவரின் நினைவில் இல்லாமல் கல்லில் பொறிக்கப்பட்டன. கி.பி. 919இல் வகுக்கப்பட்ட விதிகள் இரண்டே ஆண்டுகளில், 921இல், திருத்தப்பட்டன. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. எழுதப்பட்ட விதியும் மாற்றத்துக்கு உட்பட்டதே என்பதை இது காட்டுகின்றது.

மூன்றாவது செய்தி எச்சரிக்கையாகும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய அதே விதிகள், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவரையும் விலக்கின. முன்னது பணிக்குத் தேவையான கட்டுப்பாடு. பின்னது, பணியில் பங்குபெறக் கூடியவர் யார் என்பதையே வரையறுத்தது. நடைவிதி ஒவ்வொன்றையும் இவ்வாறு பிரித்து நோக்கலாம்: அது நிரலைப் படிக்க உதவுகின்றதா, அல்லது புதியவரை வாயிலிலேயே நிறுத்துகின்றதா?

தானியங்கிக் கருவிகள்

நடையைச் சீர்செய்யும் பணியை மென்பொருளிடமே ஒப்படைப்பது இன்று பரவலாகியுள்ளது. 2009இல் அறிமுகமான கோ மொழியில், நிரலை ஒரே நடைக்கு மாற்றும் கருவி மொழியுடனேயே வழங்கப்படுகின்றது. பைத்தான் மொழிக்கு 2018இல் வெளிவந்த 'பிளாக்' என்னும் கருவி, மிகச் சில தெரிவுகளை மட்டுமே பயனருக்கு விட்டுவைக்கின்றது. லினக்சு கருனிக்கும் தனிச் சோதனைக் கருவி உண்டு.

இக்கருவிகளால் மீளாய்வாளரின் நேரம் மிஞ்சுகின்றது. அதைவிட முதன்மையான பயன், விதி எல்லோருக்கும் ஒன்றாகின்றது என்பதாகும். முதல் மாற்றத்தை அனுப்பும் மாணவருக்கு இடைவெளி பற்றிய பிழையைக் கருவி சொல்லும்போது, அதில் ஆளைப் பார்த்துச் சொல்லும் குறை எதுவும் இல்லை. மூத்த பங்களிப்பாளரின் நிரலையும் அது அவ்வாறே சோதிக்கும்.

எனினும் பெயர் பொருத்தமானதா, குறிப்புரை உண்மையைச் சொல்கின்றதா என்பவற்றைக் கருவிகளால் முழுமையாகத் தீர்மானிக்க இயலாது. 'ஔவை', 'ஒளவை' போன்ற மயக்கங்களை ஆங்கில நிரல்களுக்கென உருவான கருவிகள் பொதுவாக நோக்குவதில்லை. அத்தகைய சோதனைகளைத் தமிழ்த் திட்டங்களில் பங்குபெறுவோரே எழுதிச் சேர்க்க வேண்டியுள்ளது.