ஆழ்நீரின் உப்பும் அதை அளக்கும் முறையும்

குறிஞ்சிப்பாடியில் தறியும் உண்டு, ஏரும் உண்டு. இரண்டிற்கும் உயிர் தண்ணீரே. குழாய்க் கிணற்றை ஆழமாக இறக்கினோம், நீர் தாராளமாக வருகிறது என்று மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அந்நீர் தன்னுடன் எதைக் கொண்டு வருகிறது என்பதையும் அறிதல் வேண்டும்.

அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கான நிறுவனம் 1956-ஆம் ஆண்டு அமைந்தது. அங்கு நிலக்கரிப் படிவத்தின் கீழ் நீர் மிகுந்த அழுத்தத்துடன் நிற்பதால், அதனை இறைத்துக்கொண்டே சுரங்க வேலையை நடத்த வேண்டியுள்ளது. நம் காலடியில் உள்ள நீர்வளத்திற்கு இதுவே சான்று. ஆயினும் கிழக்கே கடல் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. கிணற்று நீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே, லிட்டருக்கு ஏறக்குறைய 190 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் வரம்போ 250 தான்.

உப்பு கடலிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் உஷ்ணம் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை உயரும். சூடேறிய நீர் பாறையின் பல பொருள்களை எளிதில் கரைக்கும். மகாராஷ்டிரத்தின் வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி வெந்நீர் ஊற்றுக்களில் சோடியமும் கால்சியமும் குளோரைடும் மிகுந்துள்ளன. அத்தகைய ஊற்றுக்களில் நீர் எடுக்கும் முறையே நம் கிணற்றுக்கும் பொருந்தும்.

முதலில், குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறும்வரை பம்பை ஓட்ட வேண்டும். நீரின் உஷ்ணம் மாறாமல் நின்ற பின்னரே புட்டியில் பிடிக்கலாம். உஷ்ணத்தையும் அமில காரத் தன்மையையும் கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும். ஏனெனில், நீர் வெளியே வந்ததும் கரியமில வாயு பிரிகிறது, சுண்ணாம்பு படிகிறது, தெளிவாக வந்த இரும்பு, காற்றுப் பட்டுச் செம்படிவாக அடியில் தங்குகிறது. அந்தத் தெளிநீரைச் சில நாள் கழித்துச் சோதித்தால் இரண்டும் குறைவாகவே தெரியும். அவ்வறிக்கையை நம்பிச் சாயம் போட்டால் நூலின் நிறம் மங்கும், திட்டுத்திட்டாகும்.

ஆகவே வடிகட்டிய நீரை இரண்டு புட்டிகளில் எடுத்தல் நலம். உலோகங்களை அளப்பதற்குரிய புட்டியில் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்ப்பர். குளோரைடு முதலியவற்றுக்குரியதை அமிலமின்றி, காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி மூடுவர். கிணற்றின் ஆழமும், நீர் எடுத்த தேதியும் நேரமும் இரண்டிலும் எழுதப்பட வேண்டும்.

சோதனைச் சாலையில் சிறிது குரோமேட் சேர்த்த நீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவர். வெண்படிவு விழும், குளோரைடு தீர்ந்ததும் செந்நிறம் தோன்றும். அதுவரை செலவான திரவத்தைக் கொண்டு அளவு கணிக்கப்படும். முடிவில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமான அளவில், சங்கத்தின் ஐந்தொகையைப் போலச் சரிக்கட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேறுபாடு இருப்பின் மறுசோதனை கேட்பதே முறை.

சோடியம் மிகுந்த நீர் களிமண் நிலத்தை இறுகச் செய்து பயிரை வாட்டும். எனவே பொதுக் கிணற்றுக்கு அங்கத்தினர் பணம் ஒதுக்குமுன், முறையாக எடுத்த நீரின் அறிக்கையைக் கூட்டத்தில் படித்தல் அவசியம். புட்டியில் நேரும் பிழையைத் தறியும் வயலும் சுமக்கலாகாது.