வேப்பமரத்தடியில் ஒரு ஹெரால்டு

ராகு-கேது பரிகாரத்துக்குக் காளஹஸ்திக்கு வருபவர்கள் கோயில் வாசலில் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவதைப் பார்க்கலாம். அங்கிருந்து ஏர்ப்பேடு செல்லும் சாலையில் கொஞ்ச தூரம் போனால், எலுமிச்சம்பழத்தை எப்போதோ மறந்துவிட்ட கார் ஒன்று வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு டயரிலும் காற்றில்லை. பின்சீட்டில் கோழி அடைகாக்கிறது. 'எம்' என்று தொடங்கும் பழைய சென்னைப் பதிவு எண் மட்டும் இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

வண்டி பிரிட்டிஷ் ரத்தம். பிரிட்டனில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் 1961-ல் சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக மறுபிறவி எடுத்தது. தயாரித்தது 1948-ல் பிறந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்தே முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும். திருப்பதி மாடவீதிகளில் இதன் அருமை தெரியும்.

இன்னொரு விசேஷம், பாடியும் சேஸிஸும் தனித்தனி. முழுப் பாடியை ஒரே துண்டாக அடித்துத் தரும் கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், ஸ்டாண்டர்டு-டிரையம்ப் தன் காரைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்க வேண்டியதாயிற்று. அன்றைய அந்தச் சங்கடம் இன்று வரம். துருப்பிடித்த துண்டைக் கழற்றிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டனில் ஹெரால்டுக்கு உதிரிபாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பின்கதவு மட்டும் கிடைக்காது. அங்கே ஹெரால்டுக்குப் பின்கதவே கிடையாது. நான்கு கதவு ஹெரால்டு வண்டலூரின் சொந்தச் சரக்கு. 1972-ல் கஸல் வந்தது, 1985-ல் பெட்ரோல் குடித்தே பேர் கெட்ட ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-ல் உற்பத்தி நின்றது.

பழைய கார்களுக்கு மரியாதை இல்லாமலில்லை. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு நவம்பர்தோறும் 1905-க்கு முந்தைய வண்டிகள் புகைகக்கிக்கொண்டு போகின்றன. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் ஊர்வலம் 1964-ல் தொடங்கியது. அதில் ஓடிய ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி, 1914-ல் நிஜாம் ரயில்வேக்காக வாங்கியது. சென்னையிலும் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் கண்காட்சியும் ஊர்வலமும் நடத்துகிறது. ஆனால் கூட்டம் மொய்ப்பது ரோல்ஸ்ராய்ஸையும் பென்ட்லியையும்தான். ஹெரால்டு கடைசி வரிசை. மகாராஜாக்களின் காரைவிட நம் ஊர் டாக்டரும் வக்கீலும் கடன் வாங்கி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஓட்டிய கார்தான் நம் சரித்திரம் என்பது என் கட்சி.

'விண்டேஜ்' என்பது திராட்சை அறுவடையைக் குறிக்கும் சொல். பிரிட்டிஷ் கார்ப் பிரியர்கள் 1919 முதல் 1930 வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே அதைத் தருவார்கள். நம் அரசு தாராளம். 2021 ஜூலை விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார் எல்லாமே விண்டேஜ்தான். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினமும் ஆபீசுக்கு ஓட்டக்கூடாது. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டியானால் பழைய ஆர்.சி. புத்தகத்தைக் காட்ட வேண்டும்.

வேப்பமரத்தடி ஹெரால்டு சிக்கியிருப்பது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் தெலுங்கு, என்னிடம் சரளமான தமிழ். அவருடைய அப்பா சென்னையில் வாங்கி ஓட்டிவந்த கார். அப்பா போனார், ஆர்.சி. புத்தகம் எந்தப் பெட்டிக்குள் போனதென்று தெரியவில்லை. இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. மூன்றாவது திருப்பதியில் தங்கை வீட்டில் இருக்கிறது. தங்கையோடு நிலத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை.

காயலான்கடைக்காரர் வாரம் தவறாமல் வந்து எடைக்கு விலை கேட்கிறார். மகனுக்கு அந்த இடத்தில் பைக் ஷெட் போட வேண்டும். பொங்கல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறாராம் ஆசிரியர். நான் கிளம்பும்போது, தங்கைக்கு நீங்கள் ஒரு போன் போட்டுப் பேச முடியுமா என்று கேட்டார். போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.