செய்திச் செயலிகளும் அங்கத்தினர் கடமையும்

சென்ற தீபாவளியை அடுத்து ஒரு நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்தபோது, தியாகராய நகர்ப் பட்டுக்கடை ஒன்று ஏற்காது திருப்பிய சேலை இருப்பில் இருக்கக் கண்டேன். கரையின் நிறத்தை மாற்றும்படி கடைக்காரர் வாட்ஸ்அப் மூலம் எழுதியிருக்கிறார். அவ்வாரம் நெசவாளரின் கணக்கு முடக்கப்பட்டிருந்ததால் செய்தி அவர் கண்ணில் படவில்லை. பழைய நிறத்திலேயே சேலை நெய்யப்பட்டுவிட்டது. ஒரே கைப்பேசியில் இரண்டு எண்களை வைத்துக்கொள்ளும் பொருட்டு அவர் ‘ஜி.பி. வாட்ஸ்அப்’ என்ற செயலியை ஏற்றியிருந்ததே காரணம்.

ஒரு நிறுவனத்தின் செய்திச் சேவையைப் பிறர் செய்த செயலி வழியே உபயோகிப்பது எக்காலத்தும் குற்றமன்று. 1999-ல் ‘ஜாபர்’ என்ற பெயரில் வெளிவந்த எக்ஸ்.எம்.பி.பி. என்னும் முறை, 2004-ல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. எந்தக் கடையில் வாங்கிய உறையிலிட்டாலும் கடிதம் போய்ச் சேருமன்றோ? அவ்வாறே, இம்முறையைப் பின்பற்றும் எச்செயலியும் மற்றொன்றோடு பேசலாம். 2005-ல் தொடங்கிய ‘கூகுள் டாக்’ சேவையை ‘பிட்ஜின்’ போன்ற பிற செயலிகளிலும் உபயோகிக்க முடிந்தது. 2022-ல் அவ்வழி அடைபட்டது.

வாட்ஸ்அப் இவ்வாறு பொதுவழி திறந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கிணங்க 2025-ல் அங்கு மட்டும் சில பிற செயலிகளுக்கு இடமளித்தது. ஜி.பி. வாட்ஸ்அப் அத்தகைய அனுமதி பெற்றதன்று. அசலைத் திருத்திப் பிறர் செய்த நகல். இதனை உபயோகிப்போரின் கணக்கை வாட்ஸ்அப் முதலில் தற்காலிகமாகத் தடுக்கும். அசல் செயலிக்கு மாறாவிடில் நிரந்தரமாகவும் நீக்கக்கூடும்.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. செய்திகள் வழியில் எவரும் படிக்காவண்ணம் பூட்டப்பட்டே செல்கின்றன; ஆயினும் அப்பூட்டைத் திறப்பது கைப்பேசியிலுள்ள செயலியே. அதனைச் செய்தவர் இன்னாரென்று அறியாதபோது, விலையும் வங்கிக் கணக்கு எண்ணும் எவர் கண்ணில் படுமென்று எவ்வாறு கூற இயலும்?

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இரு கணக்குகளை வைத்துக்கொள்ள வாட்ஸ்அப்பே 2023-ல் வசதி செய்துவிட்டது. நகலை நாட அவசியமில்லை. சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ முற்றிலும் தனிச் சேவை; அதனை வாட்ஸ்அப்பின் நகலென எண்ணலாகாது.

ஆகவே, அங்கத்தினர்கள் செயலியைப் பிளே ஸ்டோர் முதலிய முறையான இடங்களிலிருந்தே பெறுக. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்க. பணம் மோசம் போயின் உடனே 1930 என்ற எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். செய்தியாக வரும் ஆர்டரையும் அதன் திருத்தத்தையும் அன்றே சங்கத்தின் ஆர்டர் புத்தகத்தில் பதிந்து, பாவு ஏற்றுமுன் கடைக்காரரிடம் ஒருமுறை பேசி உறுதி செய்துகொள்வார்களாக. அவ்வாறு செய்திருப்பின் அச்சேலை திரும்பி வந்திராது.